ஸ்டேஷனை மாத்துங்க, சார்

"ஏங்க, அந்த ஆளைக் கண்ணாடியைத் தட்ட வேணாம்னு சொல்லுங்க. குழந்தை முழிச்சுக்கப் போறா!"

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கணவன் கார்க் கண்ணாடியை இன்னும் நாலு விரல் இறக்கினான். வெளியே, கசங்கிய சட்டையில் ஒரு நடுவயதுக்காரர் குனிந்து நின்றார்.

"சார், உங்க ரேடியோவுல அந்தப் பக்கத்துப் படத்தோட சத்தம் வருது. இந்தத் திரைக்குத் தொண்ணூத்தெட்டுல வைக்கணும்."

"சரி, பார்த்துக்கறோம்."

கண்ணாடி ஏறியது.

காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற மைதானம் அது. முதுகோடு முதுகாக இரண்டு திரைகள், இரண்டு படங்கள். ஒவ்வொரு படத்தின் சத்தமும் தனித்தனி ஸ்டேஷனில், அவரவர் கார் ரேடியோவில் வரும். இப்படி ஒரு தியேட்டரை முதன்முதலில் யோசித்தவன் யாரோ, நிச்சயம் கைக்குழந்தைக்காரனாகத்தான் இருந்திருப்பான். மனைவி நைட்டியோடு வரலாம். கணவன் குறட்டை விடலாம். பிள்ளை வீறிட்டாலும் ஒருத்தரும் திரும்பி முறைக்க மாட்டார்கள்.

ஏழு மாதக் குழந்தை பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அது பிறந்த பிறகு இருவரும் சேர்ந்து பார்க்கும் முதல் படம் இது. அது எழுந்தால் அவ்வளவுதான், வண்டியை வீட்டுக்குத் திருப்ப வேண்டியதுதான்.

திரையில் ஒரு மீசைக்கார அப்பா, வீட்டை விட்டுப் போகும் மகளைப் பார்த்துக் கண் கலங்கி வாயைத் திறந்தார்.

"என் பல்செட்டை எவண்டா எடுத்தது?" என்றது ரேடியோவில் ஒரு பெண் குரல்.

மகள் கதறினாள்.

"நான் இல்லீங்க. நாய்தான் மாட்டிக்கிட்டு அலையுது" என்றது ஓர் ஆண் குரல்.

மனைவி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அவனுக்கு சந்தோஷமாக இருந்தது.

டொக், டொக்.

"இன்னும் மாத்தலையே சார்?"

"நீங்க யாரு? தியேட்டர் ஆளா?"

"இல்ல சார். நானும் படம் பார்க்க வந்தவன்தான்."

"அப்ப போய்ப் பாருங்களேன்! எங்க ரேடியோ, நாங்க எதையோ கேட்டுட்டுப் போறோம்."

"அழற சீன்ல நீங்க சிரிக்கறீங்க சார்..."

"சிரிச்சா உங்களுக்கு எங்க வலிக்குது?"

மனைவி எட்டிப் பார்த்துக் கைகூப்பினாள். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், விட்டுடுங்க. முதல்ல தொண்ணூத்தெட்டுலதான் வச்சிருந்தோம். படத்துல ஒருத்தர் விடாம நின்ன இடத்துல நின்னு அட்வைஸ் பண்றாங்க. காது புளிச்சுப் போச்சு. அதான் நாங்களே மாத்திட்டோம்."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அப்பாடா, தொலைஞ்சுது சனியன்" என்றான் கணவன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டொக் டொக் டொக்கென்று இந்த முறை பின் கண்ணாடியில் இடி விழுந்தது. குழந்தை திடுக்கிட்டு விழித்து, ஊரே கேட்கும்படி கத்தத் தொடங்கியது.

கணவன் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து இறங்கினான்.

"அறிவிருக்காய்யா உனக்கு? பச்சைக் குழந்தை தூங்குதுன்னு தெரியாது?"

"மன்னிச்சுக்குங்க சார். இந்த ஒரு சீன் மட்டும்... அஞ்சே நிமிஷம், தொண்ணூத்தெட்டுல வையுங்க சார்."

"ஏன்யா எங்களையே பிடிச்சுத் தொங்கறே? மைதானத்துல இன்னும் நாப்பது வண்டி நிக்குது. அங்கெல்லாம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"நாப்பதுலயும் சொல்லிட்டுத்தான் சார் வர்றேன், ஒருத்தரும் மாத்த மாட்டேங்கறாங்க. எங்க கார்ல என் பெண்டாட்டியே அந்தப் பக்கத்துப் படத்தைத்தான் கேட்டுச் சிரிச்சுக்கிட்டிருக்கா" என்றவர் திரையைக் கைகாட்டினார். "இந்தப் படத்துக்கு வசனம் எழுதினவன் நான்தான் சார்."