மாடி அறைப் பூட்டு

மருமகளை மாடி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள் பதருன்னிசா. வெளியே தாழ் போட்டுப் பூட்டும் சத்தம் கேட்டது.

"தண்ணி, டீ எல்லாம் உள்ளயே இருக்கு. சும்மா சும்மா கதவைத் தட்டப்படாது, கேட்டியா?"

"சரி மாமி" என்றாள் அல்ஃபியா. அவளுடைய செல்போனும் மாமியிடம் போய்விட்டது.

மிஞ்சியது லேப்டாப்பும் மின்விசிறியும்தான். கோவில்பட்டியின் சித்திரை வெயில் மொட்டைமாடி வழியாக அறைக்குள் இறங்கியது. ஜன்னலைத் திறந்தால் கரிசல் புழுதி, மூடினால் மூச்சு முட்டியது.

சாயங்காலத்துக்குள் ஃபங்ஷன் என்கிற சிறு நிரல் ஒன்றை எழுதி அனுப்பியாக வேண்டும். ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்குப் போக எத்தனை ஃபோல்டர் மேலே ஏறி, எதற்குள் இறங்க வேண்டும் என்று அது வழி சொல்ல வேண்டும். கம்பெனியின் பழைய மென்பொருளில் அதற்கு ரெடிமேட் வசதி கிடையாது.

போன வாரம் வீடு நிறைய விருந்தாளிகள். ஒரு வரிகூட நகரவில்லை. இன்றும் முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று டீம் லீடர் மாதவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

எழுதி ஓட்டிப் பார்த்தாள். தப்பான வழி. மாற்றி எழுதினாள், மறுபடியும் தப்பு. ஊருக்கே வழி சொல்ல வேண்டிய ஃபங்ஷன் வழி தெரியாமல் முழித்தது. எழுதியவளும்தான்.

கீழே நாத்தனார் நுஸைபாவின் குரல் கேட்டது. "உம்மா, அல்ஃபியா எங்க? கடம்பூர் போளி வாங்கியாந்திருக்கேன். சீலை எடுக்கப் போகணும், அவளையும் வரச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் முன்னால சும்மாதான உக்காந்திருப்பா!"

"அவ இங்கன இல்லட்டி. எட்டயபுரத்துல அவ உம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"போன் அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கா. அதென்ன, மாடியில புதுசாப் பூட்டு தொங்குது?"

"பூனை தொல்லை தாங்கல. அதான் பூட்டிப் போட்டிருக்கேன்."

அல்ஃபியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ஒரு சத்தம் கொடுத்தால் போதும், நுஸைபா மாடியேறி வந்துவிடுவாள். அவள் கொடுக்கவில்லை. அழுகைதான் வந்தது.

நுஸைபாவின் ஸ்கூட்டர் தெரு திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுதியதை முதல் வரியிலிருந்து படித்தாள்.

அடச்சே! புறப்படுகிற ஃபைலின் பெயரையும் ஒரு ஃபோல்டராகச் சேர்த்து எண்ணியிருந்தாள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரு படி கூடுதலாக ஏறித் தொலைத்திருக்கிறது.

அதை நீக்கிவிட்டு ஓட்டினாள். எல்லா வழியும் சரியாக வந்தது. அனுப்பினாள். 'நல்லா ஓடுது, இனி கவலைப்படாதீங்க' என்று மாதவனிடமிருந்து பதில் வந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "மாமி, முடிச்சிட்டேன்! திறங்க!"

பூட்டு திறந்தது. பதருன்னிசாவின் முகம் வேர்த்து, சிவந்து கிடந்தது. சாவியை மருமகளின் கையில் திணித்தாள்.

"நாளைக்கும் பூட்டச் சொல்லாதட்டி... பெத்த பிள்ளைகிட்டயே பொய் சொல்ல வாய் கூசுது!"