அடித்துவிட்ட வரி

"எந்தக் கல்லாவுல கைவச்சு மாட்டுனீருவே? மறைக்காமச் சொல்லும்" என்றார் மகேஸ்வரன்.

எதிரில் நின்ற நாறும்பூநாதனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வேலை பார்த்த பஸ் கம்பெனியை முதலாளி விற்றுவிட்டதால், ஜங்ஷனில் உள்ள இந்த உரக் கம்பெனிக்குக் கணக்குப்பிள்ளை வேலை கேட்டு பயோடேட்டாவோடு வந்திருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மகேஸ்வரன் அங்கே மேனேஜர். வேலை கேட்டு வருகிறவர்களின் சட்டைக் காலரைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்கும் வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. இந்த வேலை தன் மச்சினனுக்குத்தான் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். மச்சினன் விரல் விட்டுக் கூட்டுகிற ஆசாமி என்பது வேறு விஷயம்.

கெட்ட காலம், முதலாளி வேதநாயகத்துக்கு இந்த ஆளைப் பிடித்துப் போயிற்று. "அனுபவம் இருக்கே, போட்டுரலாமே" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் மகேஸ்வரன் கண்ணில் அது பட்டது. டைப் அடித்த தாளில் ஒரே ஒரு வரி மட்டும் நீல மையால் அழுத்தி அடித்து மறைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் 1970–76 என்பது மட்டும் தப்பியிருந்தது.

"வாட்ச்மேன் ஹாஜா சொல்லுதான், அண்ணாச்சி. இவரு வாசல்ல என் பேர்ப் பலகையையே பார்த்துக்கிட்டு நின்னாராம். பொறவு அவன்கிட்ட பேனா வாங்கி இந்த வரியை அடிச்சாராம். யோக்கியன் செய்யுத வேலையா இது?"

"அது இருபது வருஷத்துக்கு முந்துன பழசு, சார். இந்த வேலைக்கு அது தேவையில்ல."

"தேவையா இல்லையான்னு நாமல்லா சொல்லணும். பி.காம். படிச்ச நானே எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எழுதிக் குடுத்துட்டுத்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். உமக்கு என்னவே ஒளிவு மறைவு?"

நாறும்பூநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "விட்டுருங்க, சார். மக காலேஜ்ல சேரணும். எனக்கு இந்த வேலை வேணும்."

மகேஸ்வரனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கெஞ்சுகிறவனை இன்னும் கொஞ்சம் கெஞ்ச வைத்துப் பார்ப்பதில் அவருக்குத் தனி ருசி. "பார்த்தீங்களா, அண்ணாச்சி, எப்படிப் பம்முதாருன்னு. கண்டிப்பா உள்ள இருந்துட்டு வந்த ஆளுதான்" என்றார்.

வேதநாயகத்தின் முகம் மாறியது. "மறைக்குத ஆளுகிட்ட நான் கணக்கைக் குடுக்க முடியாது. ஒண்ணு, அது என்ன வேலைன்னு சொல்லும். இல்லைன்னா கிளம்பும்."

நாறும்பூநாதன் நிமிர்ந்து மகேஸ்வரனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார். மகேஸ்வரனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"என்னவே முழிக்கீரு? அந்தக் கேவலம் என்னன்னு முதலாளிகிட்டச் சொல்லும்."

"சொல்லிருதேன், சார்." நாறும்பூநாதன் முதலாளி பக்கம் திரும்பினார். "பாளையங்கோட்டையில ஒரு காலேஜ் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தேன், அண்ணாச்சி. பிட் அடிச்சு மாட்டுன இவுகளுக்கு, ரெண்டாம் வருஷத்துலயே டி.சி. கிழிச்சுக் குடுத்தது நாந்தான்."