வெளியூர்க் கத்தரிக்காய்

பெருநகரத்தின் ஓரத்துத் தோட்டத்தில் காலையில் பறித்த கத்தரிக்காய், வேலியோரச் சாக்கின் மேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எதிர் அடுக்குமாடிக்காரர்களோ, "இங்கேயே விளைஞ்சதா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

விற்காததைத் தின்னக் காத்திருந்த பசு சிரித்தது. "உள்ளூர் மாடுதான் விலை போகாதுன்னு நினைச்சேன். நீயுமா தம்பி?"

"கொஞ்சம் பொறு அக்கா!" என்று நடுங்கிய கத்தரிக்காய், பெரிய சந்தைக்குப் போகும் லாரியில் தொற்றிக்கொண்டது. நகரமெல்லாம் சுற்றி, மறுநாள் அதே அடுக்குமாடியின் கீழ்க்கடைக்கு வாடி வதங்கி வந்து சேர்ந்தது.

"எவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கு, பாவம்!" என்று ஓர் அம்மாள் ஆசையாய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வேலிக்கு அப்பாலிருந்து பசு கூப்பிட்டது. "தம்பி, ஊர் திரும்பிட்டியா?"

கத்தரிக்காய் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. "யாருங்க நீங்க? நான் வெளியூர்."