கட்டைவிரல்

மேசையில் குப்புறப் படுத்திருந்தவளின் முதுகில் இறங்கிவந்த என் கட்டைவிரல், இடுப்புக்குச் சற்று மேலே நின்றுவிட்டது.

அங்கே ஒரு எலும்பு, படிக்கட்டு மாதிரி, கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது. போன வாரம் அப்படி இல்லை.

அவள் ஓடவேண்டிய தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

நான் அணிக்கு முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டர். அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது என்பதால் என்னைக் கூப்பிடுவது ‘நெட்டி’. அந்த ஒரு சுளுக்கைத்தான் இன்றுவரை என்னால் எடுக்க முடியவில்லை.

மருத்துவர், பிசியோ, மசாஜ்காரர் எல்லோரும் பார்த்து முடித்து மிச்சமிருக்கும் உடம்பு என்னிடம் வரும். அணியின் குழுப் படத்தில் என் தோள் பாதி தெரிகிறது.

ஒருமுறை கூட்டத்தில், வேறொரு வீரரின் முதுகைப் பற்றி வாய் திறந்தேன். “ஸ்கேனுக்கே தெரியாதது உங்க கட்டைவிரலுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்” என்றார் மருத்துவர். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அந்த விரல் சொன்னது சரி என்று இரண்டு மாதம் கழித்து அறுவை சிகிச்சையில் தெரிந்தது. யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த எலும்பு இன்னும் ஒரு நூல் நகர்ந்தால் காலுக்குப் போகும் நரம்பு நசுங்கும். பத்துத் தடை. பத்துத் தடவை தாவி, பத்துத் தடவை ஒற்றைக் காலில் இறங்க வேண்டும்.

நேற்றுதான் ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய மனிதர்கள் பார்த்திருப்பார்கள். எனக்கெதற்கு வம்பு.

அங்கே கைவைத்து அழுத்தினால் பாவம். ஆனால் ‘டக்’ கேட்காமல் அவள் எழுந்ததே இல்லை. ஓடுகிறவர்களுக்கு என் வைத்தியம் மொத்தமும் அந்தச் சத்தம்தான்.

ஒரு கையை அவள் இடுப்பில் சும்மா வைத்துக்கொண்டு, மறு கையின் விரலை மடக்கி என் நெட்டியை நானே முறித்தேன்.

டக்.

அவள் நீளமாக மூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தாள். மேசையில் முகம் வைக்கும் துளையின் வட்டம் கன்னத்தில் பதிந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

“ஸ்கேன்ல ஒண்ணும் சரியாப் பிடிபடலையாம்ணா. உங்க கைக்கு ஏதாவது தட்டுப்பட்டா நான் இன்னைக்கு ஓடக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். முன்னாடியே தெரிஞ்சா நீங்க பயந்துடுவீங்க, சொல்லாதேன்னாரு. நேத்துலேருந்து எனக்குச் சாப்பாடே இறங்கலை.”

வெளியே ஒலிபெருக்கியில் அவளுடைய போட்டியை அழைத்தார்கள்.

அவள் காலணிகளைக் கையில் தூக்கிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பல வாரமாகப் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தேன்.

“பாத்து ஓடும்மா” என்றேன்.