லைன் ரிப்பேர்

திருத்தணி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் கிருபா தினமும் ஒரே ஒரு பொய்தான் சொல்வாள். அரக்கோணம் பைனான்ஸ் வசூல்காரன் சுந்தர்சிங், தறி போட்டு லுங்கிக்கடை நடத்தும் ஜம்புலிங்கத்துக்கு ட்ரங்க் கால் கேட்பான்.

"லைன் ரிப்பேருங்க."

"இன்னைக்குமா?"

கடனுக்காக ஜம்புலிங்கத்தின் தறியைத் தூக்கிவிடுவார்களே என்ற இரக்கம்தான். விஷயம் ஜம்புலிங்கத்துக்கு மட்டும் தெரியும்; மேலதிகாரிக்குத் தெரிந்தால் அவள் வேலை காலி.

ஒருநாள் ஜம்புலிங்கமே லட்டோடு வந்தார். "உன்னாலதாம்மா தறி தப்பிச்சிது. போன மாசமே கடன் மொத்தத்தையும் கட்டிட்டேன்!"

கிருபா திகைத்தாள். நேற்றுகூட சுந்தர்சிங் கால் கேட்டானே!

மணி அடித்தது. அதே குரல்.

"ஜம்புலிங்கம் கடன் தீந்துடுச்சாமே?" என்று கிருபாவே கேட்டாள்.

"ஆங்... தீந்துச்சிங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு தினமும் கூப்புடறீங்க?"

"நீங்க 'லைன் ரிப்பேருங்க'னு சொல்றதக் கேக்கத்தாங்க."

கிருபா லட்டை அவசரமாக விழுங்கினாள்.

"இன்னும் ரிப்பேர்தாங்க. நாளைக்கும் கேளுங்க."