அறுநூறு வெள்ளிச் சோதனை

முஸ்தபாவின் நெஞ்சுவலிக்காக, ஓடும் பெல்ட்டில் நடந்து காட்டும் சோதனைக்கு மருத்துவமனையில் அறுநூறு மலேசிய வெள்ளி கேட்டார்கள். இதயத்தில் அடைப்பு இருந்தால் அறுவைச் சிகிச்சைக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. சோதனைக்கு முந்தைய நாளிலிருந்தே தேநீர் கூடாது என்றார்கள். முஸ்தபா தம்போய் வட்டாரத்தில் தேநீர்க்கடை வைத்து, நுரை பொங்க உயர்த்தி ஊற்றும் தே தாரிக்கைத் தானே ஆற்றுகிறவர். பழக்கத்தில் ஒரு கரண்டி ருசி பார்த்ததால் போன வாரம் திருப்பி அனுப்பப்பட்டார். இம்முறை மனைவி ருமானா கடையையே சாத்திவிட்டாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் தாதி சாந்தினி பெல்ட்டை நிறுத்தி, அவர் மார்பிலிருந்த ஒயர்களைக் கழற்றினாள். திரையில் துடிப்பு நிற்கவில்லை. 148 என்று காட்டியபடி கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

"மெஷின் கோளாறு லா, அங்கிள். ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பார்த்தியா ருமானா, என்னைவிட அது நல்லா ஓடுது," என்று முஸ்தபா சிரித்தார்.

காரில் அவர் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ருமானா சாவியைத் திருகும்போது சாந்தினி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, அங்கிள்கிட்ட சொல்லுங்க. மெஷின் இப்பதான் நின்னுச்சு."

ருமானா தலையாட்டினாள். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் வீடுவரை மெதுவாக ஓட்டினாள்.