முடிந்ததும் சொல்லும்

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயே ஏன் மாமா கால் கடுக்க நிக்கிறீங்க? வந்து உட்காருங்க."

அவனுடைய அக்காவின் கணவர் அரை மனதாக வந்து உட்கார்ந்தார். உள்ளே ஆபரேஷன் நடப்பது அக்காவுக்கு.

"முடிஞ்சா எப்படிப்பா தெரியும்?"

"கம்ப்யூட்டரே சொல்லும் மாமா. ஒரு வேலை முடியட்டும்னு காத்து நின்னா கம்ப்யூட்டருக்கு மத்த வேலை ஓடாது. அதனால 'முடிஞ்சதும் கூப்பிடு'ன்னு சொல்லி வச்சிட்டு, அது பாட்டுக்கு அடுத்ததைப் பார்க்கும். இங்கேயும் அப்படித்தான். முடிஞ்சதும் உங்க போனுக்கு மெசேஜ் வந்துடும்."

குரலைத் தாழ்த்திக்கொண்டான். பெருமை மட்டும் தாழவில்லை.

"இந்த ஆஸ்பத்திரிக்கு அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்ததே நான்தான்."

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாக மெசேஜ் வந்தது. 'சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.' சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். மாமாவின் போன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவனுடைய எரிச்சல் வரவேற்பு மேசைப் பெண் மேல் திரும்பியது. மேசை போன் அடிக்கும், எடுத்துக் கேட்பாள், அடுத்த நிமிடம் நாற்காலி காலி. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முன்பு ஒரு தடவை யாரோ ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேச்சு வேறு.

"காலில சக்கரம் கட்டியிருக்கா மாமா. இதுக்கு எதுக்கு ஒரு ஆள்? இன்னிக்குப் புகார் எழுதாம விடப்போறதில்லை."

எழுந்து போனான். அவளே எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்க இடத்துல உட்காரவே மாட்டீங்களா?"

"உங்களைத் தேடித்தான் சார் வந்தேன்."

அவன் திரும்பி மாமாவின் போனைப் பார்த்தான்.

"எங்களுக்கு இன்னும் மெசேஜ் வரலையே. அப்போ இன்னும் முடியலைன்னுதானே அர்த்தம்?"

"நல்லபடியா முடிஞ்சாத்தான் சார் அது சொல்லும். இல்லைன்னா ஒண்ணுமே சொல்லாது. ரெண்டு வருஷமா அப்படித்தான்."

நல்லபடியாக முடிந்தால் என்ன செய்வது, கெட்டுப்போனால் என்ன செய்வது என்று புரோகிராமில் இரண்டும் எழுத வேண்டும். இரண்டாவதை, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று காலியாக விட்டவன் அவன்தான். அப்புறம் மறந்தே போனான்.

"போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க சார், பாவம். யாராவது சொல்லணுமே. அதான் தியேட்டர்லேர்ந்து போன் வந்தா நானே எழுந்து போய்ச் சொல்லிடறது."

பக்கத்திலிருந்த நாற்காலியை அவனுக்கு இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார். உங்க மாமாவையும் கூப்பிடுங்க."